தலைப்பாகை கட்டிய திருகோணமலையான்

“அப்பா, உங்கள் ஊரில் எல்லாரும் இப்படித்தான் தலைப்பாகை கட்டுவார்களா?”

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், ஹார்ட்லிபூல் என்ற பழைய துறைமுக ஊரில், ஒரு மரக்கப்பலின் முன்முனையான அணியத்துக்குக் கீழே நின்று என் மகள் இதைக் கேட்டாள். அவளுக்கு ஒன்பது வயது. தலைக்கு மேலே, கப்பலின் மூக்கோடு ஒட்டினாற்போல், மரத்தில் செதுக்கிய ஒரு மனிதன் தலைப்பாகையோடு தொலைவைப் பார்த்துக்கொண்டிருந்தான். கப்பலின் பெயர் டிரிங்கோமலி. ஆங்கிலேயர் வாயில் திருகோணமலை அப்படித்தான் ஆயிற்று. நான் பிறந்து வளர்ந்த ஊர். அங்கே வேட்டி கட்டியவர்களைத் தெரியும், சாரம் கட்டியவர்களைத் தெரியும், வெயிலுக்குத் துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு கடற்கரையில் வலை இழுத்தவர்களைத் தெரியும். இப்படி ஒரு தலைப்பாகைக்காரரை என் ஆயுளில் பார்த்ததில்லை.

இந்த உருவத்தைச் செதுக்கியது 1845-இல், போர்ட்ஸ்மவுத்தில். செதுக்கியவர் எங்கள் ஊரைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. கிழக்கு என்றால் தலைப்பாகை; அவ்வளவுதான் கணக்கு. “இல்லை அம்மா, கட்டமாட்டார்கள்” என்றேன். “அப்படியென்றால் இவர் யார்?” என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனோம்.

அன்று வீடு திரும்பியதிலிருந்து இந்தக் கப்பலை விடாமல் படித்துக்கொண்டிருக்கிறேன். போர்க்கப்பல் என்றால் வீரக்கதை இருக்கும் என்று நினைத்துத்தான் தொடங்கினேன். கிடைத்தது வேறு. பெரிய கடற்போர் ஒன்றைக்கூடக் காணாத போர்க்கப்பல் இது. எங்கேயும் காலம் தாழ்த்தியே போய்ச் சேர்ந்தது. இரண்டு முறை அடையாளத்தை இழந்தது. அதனால்தானோ என்னவோ, இன்னும் மிதந்துகொண்டிருக்கிறது.

முதலில் பெயர். 1782-ஆம் ஆண்டு எங்கள் துறைமுகத்துக்குப் படாத பாடு. ஜனவரியில் ஆங்கிலேயர் அதை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார்கள். ஆகஸ்ட் கடைசியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன் ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தார். சென்னையிலிருந்து அட்மிரல் எட்வர்ட் ஹியூஸ் காப்பாற்ற ஓடிவந்து எட்டிப் பார்த்தபோது கோட்டையில் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்தது. செப்டம்பர் 3-ஆம் தேதி, துறைமுகத்துக்கு வெளியே, பன்னிரண்டு ஆங்கிலக் கப்பல்களும் பதினான்கு பிரெஞ்சுக் கப்பல்களும் மோதின. சுஃப்ரேனின் சொந்தக் கப்பலின் நடுப் பாய்மரமே முறிந்து விழுந்தது. ஆனாலும் யாரும் வெல்லவில்லை. ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார். துறைமுகம் பிரெஞ்சுக்காரரிடமே இருந்தது. சமாதானத்தில் அது மறுபடி ஒல்லாந்தருக்குப் போனது. ஆங்கிலேயர் அதை நிலையாகக் கைப்பற்றியது 1795-இல்தான்.

கைநழுவிய ஊருக்காக நடந்து, முடிவில்லாமல் போன அந்தச் சண்டையின் நினைவாகத்தான் கப்பலுக்குப் பெயர் வைத்தார்கள். பெயர் வைத்தவர்களின் மனவுறுதியை மெச்சத்தான் வேண்டும்.

இத்தனை பேர் ஏன் எங்கள் ஊருக்கு அடித்துக்கொண்டார்கள் என்பது கரையோரத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். சோழகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் சோழமண்டலக் கரையில் கப்பல்கள் நிற்கலாம். ஐப்பசியில் வாடை தொடங்கிவிட்டால் சென்னையில் ஒதுங்க இடமில்லை. அன்றைய சென்னைக்குத் துறைமுகமே கிடையாது. திறந்த கடலில் நங்கூரம் போட்டுவிட்டு, கரையிலிருந்து வரும் படகுகளில் அலையைத் தாண்ட வேண்டும். புயல் வந்தால் நங்கூரத்தோடு கப்பலும் போகும். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் கடற்படை பம்பாய்க்கு ஓடியது. வங்கக் கடலில், எந்தக் காற்றிலும் பெரிய கப்பல்கள் அசையாமல் நிற்கக்கூடிய ஆழமான இயற்கைத் துறைமுகம் திருகோணமலை. அதைக் கையில் வைத்திருப்பவர் மழைக்காலத்திலும் கிழக்குக் கரையைக் காவல் காக்கலாம். கோணேசர் மலையில் நின்று பார்க்கையில் எனக்குக் கடல் மட்டும்தான் தெரியும். ஹியூசுக்கும் சுஃப்ரேனுக்கும் தெரிந்தது நாட்காட்டி.

இன்னொரு பொருத்தம் உண்டு. அந்தச் சண்டைக்கு மறுநாள், செப்டம்பர் 4, உலகத்தின் மறுபக்கத்தில், பிரான்ஸின் பிரிட்டனிக் கரைக்கு அருகே, ‘எபே’ என்ற புத்தம்புதிய பிரெஞ்சுக் கப்பலை ஆங்கிலேயர் பிடித்தார்கள். அதன் வடிவம் அவர்களுக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. அதைப் பார்த்து வரைந்த படத்திலிருந்து நாற்பதுக்கும் மேற்பட்ட கப்பல்களுக்கு உத்தரவு போட்டார்கள். லீடா வகை என்று பெயர். டிரிங்கோமலி அவற்றில் ஒன்று. ஆக, பெயர் ஒரு நாளில் பிறந்தது. உடம்பு மறுநாள் அகப்பட்டது. இரண்டும் ஒன்றுசேர 35 ஆண்டுகள் ஆயின.

இவை ஃபிரிகேட் என்னும் வகை. முக்கியமான பீரங்கிகள் ஒரே தளத்தில். பல தளப் பீரங்கிகள் கொண்ட பெரிய போர்க்கப்பல்கள் வரிசை கட்டி நின்று அடித்துக்கொள்ளும்போது, ஃபிரிகேட் அவற்றின் கண்ணாகவும் காலாகவும் இருக்கும். எதிரியைத் தேடும், செய்தி சுமக்கும், வணிகக் கப்பல்களுக்குத் துணை போகும். டிரிங்கோமலியின் நீளம் 180 அடி, அகலம் 40 அடி. அந்த அளவுக்குள் முந்நூறு பேர். கீழ்த்தளத்தில் தூங்குகயிற்றுப் படுக்கைகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு தொங்குவதைப் பார்த்தபோது, எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு முதல்நாள் இரவுதான் நினைவுக்கு வந்தது.

கப்பலைக் கட்ட 1812-இல் உத்தரவு வந்தது. நெப்போலியன் போர்களில் இங்கிலாந்தின் ஓக் மரம் தீர்ந்துகொண்டிருந்த காலம். வேலை பம்பாய்க்குப் போனது. வரைபடங்களை ‘ஜாவா’ என்ற கப்பலில் அனுப்பினார்கள். அதே டிசம்பரில், பிரேசில் கரைக்கு அப்பால், அமெரிக்காவின் ‘கான்ஸ்டிடியூஷன்’ அதை அடித்து நொறுக்கியது. ஜாவாவோடு வரைபடங்களும் போயின. திரும்ப ஒரு தொகுதி வரைந்து, திரும்ப அனுப்பி, பம்பாயில் ஏரா என்னும் அடிக்கட்டையை வைக்கும்போது 1816 ஆகிவிட்டது. இதற்குள் வாட்டர்லூ முடிந்து நெப்போலியன் செயின்ட் ஹெலினா தீவில் அடைபட்டிருந்தார். இந்தக் கப்பல் எந்தப் போருக்காகக் கேட்கப்பட்டதோ அந்தப் போரே இல்லை. (கான்ஸ்டிடியூஷனும் இன்றுவரை பாஸ்டனில் மிதக்கிறது. ஜாவாவைச் சிதைத்த கப்பலும், ஜாவாவால் தாமதமான கப்பலும் இரண்டும் பிழைத்துக் கிடக்கின்றன.)

கட்டியவர் ஜம்ஷெட்ஜி போமன்ஜி வாடியா. 1736-இல் சூரத்திலிருந்து பம்பாய்க்கு வந்த பார்சிக் கப்பல் தச்சர் லவ்ஜி நஸ்ஸர்வன்ஜியின் பரம்பரை. அந்தக் குடும்பத்தின் கப்பல்களில் வரலாறு கொஞ்சம் அதிகமாகவே நடந்திருக்கிறது. ஜம்ஷெட்ஜி கட்டிய ‘கார்ன்வாலிஸ்’ என்ற கப்பலில்தான் 1842-இல் சீனா ஹாங்காங்கை விட்டுக்கொடுத்த நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தானது. வேலை தொடங்கும்போது ஏராவில் வெள்ளி ஆணி ஒன்றை அடிப்பது வாடியாக்களின் வழக்கம். நாம் நிலை வைக்கும்போது நவதானியமும் காசும் போடுவதில்லையா, அதுபோல.

ஜம்ஷெட்ஜி தமது பழைய கப்பல் ஒன்றின் உட்கட்டையில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், “இதைக் கட்டியவன் ஒரு பாழாய்ப்போன கறுப்பன்” என்ற பொருளில் ஆங்கிலத்தில் செதுக்கி வைத்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். உண்மையோ, பின்னால் சேர்ந்ததோ, எனக்கு அந்தக் கதை பிடிக்கும். கப்பலின் மூக்கில் இருக்கும் தலைப்பாகைக்காரனை விட, உள்ளே இருட்டில் இருக்கும் அந்த வரி உயிரோடு இருப்பதாகப் படுகிறது.

மரம் தேக்கு. ஓக்கில் அமிலம் இருக்கிறது. அதில் அடித்த இரும்பு ஆணியை அது அரிக்கும், ஆணி துருவேறி மரத்தைக் கெடுக்கும். தேக்கில் எண்ணெய்ப் பசை. இரும்பு அதில் பதமாக இருக்கும், கறையானும் அவ்வளவாக அண்டாது. அம்மாவின் ஊரான வல்வெட்டித்துறையில் கப்பல் கட்டிய குடும்பத்துத் தாத்தா ஒருவர், மரத்தைத் தட்டிப் பார்த்தே வயது சொல்வார். அணியம், ஏரா என்ற சொற்களை அவரிடம்தான் கற்றேன். அவரை இங்கே கூட்டிவந்து இந்த உத்தரங்களைத் தட்டவிட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டேன். இருநூறு வயதைத் தாண்டிய கட்டைகள். கப்பலின் மரத்தில் பாதிக்கு மேல் ஜம்ஷெட்ஜியின் ஆட்கள் வைத்தவையே.

ஆனால் இந்தத் தேக்கு வானத்திலிருந்து விழவில்லை. பம்பாய்த் தளத்துக்கு மரம் கொடுத்தவை மலபார்க் காடுகள். 1806-இல் கிழக்கிந்தியக் கம்பெனி கேப்டன் வாட்சன் என்பவரைக் காட்டுக் காப்பாளராக அங்கே அமர்த்தியது. காப்பாளர் என்ற சொல்லைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. அவர் காத்தது கம்பெனியின் உரிமையை. தனியார் காட்டில் நின்ற தேக்கானாலும் அதைக் காட்டின் சொந்தக்காரர் வெட்டக் கூடாது என்றானது. மக்களின் எரிச்சல் ஏறிக்கொண்டே போய், தாமஸ் மன்றோ சென்னை ஆளுநராக இருந்த 1823-இல்தான் அந்தப் பதவி ஒழிந்தது. அதற்குள் பெரிய மரங்கள் தீர்ந்துவிட்டன. 1840-களில் மலபார் கலெக்டர் கனோலியும் சாத்து மேனனும் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட்டதும் அந்த வெறுமையால்தான். டிரிங்கோமலியின் விலாக்கட்டைகள் வெட்டப்பட்டவை வாட்சன் காலத்துக் கணக்கில். கட்டிமுடிக்க ஆன செலவு 23,000 பவுண்டு என்று பதிவு இருக்கிறது.

1817 அக்டோபர் 12-இல் கப்பல் தண்ணீரில் இறங்கியது. 1819 ஜனவரியில், இங்கிலாந்து போகும் வழியில், செயின்ட் ஹெலினாவில் ஆறு நாள் நின்றது. தன்னால் எதிர்க்கப்பட வேண்டியிருந்த மனிதர் கைதியாக இருக்கும் தீவில்! அங்கிருந்து ஒரு பயணியை ஏற்றிக்கொண்டது: கடற்படை மருத்துவர் ஜான் ஸ்டோகோ. நெப்போலியனைப் பரிசோதித்து, ஈரல் நோய் என்று உள்ளதைச் சொன்னவர். தீவின் தட்பவெப்பம் கைதியைக் கொல்கிறது என்று பேச்சு வரக் கூடாதென்று பயந்த ஆளுநருக்கு அது பிடிக்கவில்லை. ஸ்டோகோ ஊர்போய்ச் சேர்ந்ததும் உடனே திரும்பச் சொல்லி, தீவில் வைத்தே இராணுவ விசாரணை நடத்தி வேலையைப் பறித்தார்கள். டிரிங்கோமலி இருந்த இடத்துக்கு வெகு அருகில் வரலாறு நடந்தது இந்த ஒரு தடவைதான். அப்போதும் அதற்கு வாய்த்தது ஆளை ஏற்றிப்போகும் வேலை.

ஏப்ரல் 30-இல் போர்ட்ஸ்மவுத் சேர்ந்தது. பாய்மரங்களைக் கழற்றிக் கட்டிப்போட்டார்கள். எத்தனை நாள்? 1845 வரை. இருபத்தாறு ஆண்டுகள் துறைமுகச் சேற்றருகே ஒரு போர்க்கப்பல் சும்மா நின்றது. இதன் உறவுக் கப்பலான ‘யூனிகார்ன்’ ஸ்காட்லாந்தின் டண்டீயில் இன்றும் கூரை போட்டபடி நிற்கிறது. அதற்குப் பாய்மரமே பொருத்தியதில்லை. சண்டைக்குப் போன உறவுகள் எல்லாம் உடைந்தும் மூழ்கியும் போயின. மூலையில் கிடந்த இரண்டும் பிழைத்தன.

1845-இல் எடுத்துப் புதுப்பித்தார்கள். பீரங்கிகளின் எண்ணிக்கையைக் குறைத்து, கனத்தைக் கூட்டினார்கள். தலைப்பாகைக்காரன் ஏறியது இப்போதுதான். 1847-இல், பிறந்து முப்பது ஆண்டு கழித்து, முதன்முதலாகப் பணிக்குப் புறப்பட்டது. மூன்று ஆண்டு வட அமெரிக்க, மேற்கிந்தியக் கடல்கள்: ஹைட்டியில் கலவரம், கியூபாவுக்குக் காவல், நியூஃபவுண்ட்லாந்தில் மீன்பிடிப்பைப் பார்த்துக்கொள்வது, அடிமைக் கப்பல்களைத் தேடுவது. பிறகு 1852 முதல் 1857 வரை பசிபிக். அங்கே கிரிமியப் போர் கடல் கடந்து வந்து, 1854-இல் ரஷ்யாவின் பெட்ரோபாவ்லாவ்ஸ்க் துறைமுகத்தை ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து தாக்கித் தோற்றார்கள். ஆங்கிலேய அட்மிரல் டேவிட் பிரைஸ் சண்டை தொடங்கும் வேளையில் தம்மைத்தாமே சுட்டுக்கொண்டார். நம் கப்பல் அந்தத் தாக்குதலில் இல்லை. எப்போதும்போல.

அது முன்னின்று நடத்திய ஒரு காரியம் இருக்கிறது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

1856-இன் கோடை முடிவில், கனடாவின் மேற்குக் கரையில் உள்ள வான்கூவர் தீவில், தாமஸ் வில்லியம்ஸ் என்ற குடியேற்றக்காரரைக் கௌவிச்சன் என்னும் பழங்குடி மக்களில் ஒருவர் சுட்டார். பெயர் தத்லாசுட். தமக்கு நிச்சயித்திருந்த பெண்ணின் விவகாரம் என்று சொல்லப்படுகிறது. வில்லியம்ஸ் சாகவில்லை. ஆனாலும் ஆளுநர் ஜேம்ஸ் டக்ளஸ் கப்பலைக் கேட்டார். காற்று எப்போது அடிக்கும் என்று காத்திருக்க முடியாத குறுகலான நீர்வழி. ஆகவே ‘ஓட்டர்’ என்ற சிறிய நீராவிக் கப்பல் டிரிங்கோமலியைக் கயிறு கட்டி இழுத்துப்போனது. 400-க்கும் மேற்பட்ட மாலுமிகளும் சிப்பாய்களும் கரையிறங்கினார்கள். தத்லாசுட்டைப் பிடித்து, அங்கேயே விசாரித்து, அவருடைய மக்கள் பார்த்துக்கொண்டிருக்க அங்கேயே தூக்கில் போட்டார்கள்.

ஒருவர், எதிரே நானூறு பேர். வெள்ளி ஆணி அடித்து, மலபார்க் காட்டை வெறுமையாக்கி, ஒரு பெரும் போருக்கென்று கட்டிய கப்பல், தன் வாழ்நாளில் முழுப் பலத்தோடு செய்து முடித்த வேலை இது. அந்தக் காலப் போர்க்கப்பல்களைப் பற்றி நாம் நினைத்துக்கொள்வது டிரஃபால்கர் போன்ற சண்டைகளை. சாமிவீதி முனையில் பொலிஸ் ஜீப் நின்றால் தெரு எப்படி அடங்கும் என்று எங்கள் தலைமுறைத் திருகோணமலையார்களுக்குத் தெரியும். நதிமுகத்தில் ஒரு கப்பல் வந்து சும்மா நிற்பதும் அப்படித்தான். பீரங்கி முழங்கத் தேவையில்லை, தெரிந்தால் போதும்.

அந்தக் கரையோரத் தீவுகளுக்கு நடுவே ஓடும் நீர்வழி ஒன்றுக்கு இன்றைக்கும் டிரிங்கோமலி கால்வாய் என்றுதான் பெயர். பக்கத்தில் கப்பலின் தலைவர் ஹூஸ்டன் பெயரில் இன்னொரு நீர்வழி. அங்கே மீன் பிடித்து வாழ்ந்தவர்களிடம் அந்தத் தண்ணீருக்கு வேறு பெயர்கள் இருந்திருக்கும். எங்கள் ஊர்ப் பெயரை உச்சரிக்க முடியாதவர்கள், அதைச் சிதைத்துக் கப்பலுக்கு வைத்து, கப்பலின் பெயரை இன்னொருவர் கடலுக்கு வைத்துவிட்டார்கள். வரைபடத்தில் அதை முதலில் கண்டபோது ஒரு கணம் பெருமையாகத்தான் இருந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தூக்குமரத்தைப் பற்றிப் படித்தது அதற்குப் பிறகு.

மீதிக் கதையை ஓட்டமாகச் சொல்லலாம். 1857-இல் திரும்பியது. நீராவியும் இரும்பும் வந்துவிட்டன. இனி இது பயிற்சிக் கப்பல். 1862 முதல் சுமார் பதினைந்து ஆண்டுகள் இதே ஹார்ட்லிபூலில் நின்று, சேமப்படை ஆட்களுக்குப் பீரங்கி பழக்கியது. பிறகு சவுத்தாம்ப்டன் பக்கம். 1897-இல் விறகு விலைக்கு, உடைப்பவர்களுக்கு விற்றார்கள். அதே ஆண்டு ஜார்ஜ் வீட்லி காப் என்ற செல்வந்தரின் கப்பலான ‘ஃபூத்ருவாயான்’, ஒரு காலத்தில் ஆங்கிலக் கடற்படைத் தளபதி நெல்சனின் கொடிக் கப்பல், பிளாக்பூல் கரையில் புயலில் மோதி உடைந்தது. இளைஞர்களைப் பழக்க அவருக்கு வேறு கப்பல் வேண்டியிருந்தது, இதை வாங்கினார், உடைந்த கப்பலின் பெயரை இதற்கு வைத்தார். திருகோணமலை போய்விட்டது. ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் அது பிரெஞ்சுப் பெயரோடு, ஃபால்மவுத்திலும் போர்ட்ஸ்மவுத்திலும், பிள்ளைகள் ஏறி இறங்கும் கப்பலாக இருந்தது. பிரெஞ்சுக்காரரை எதிர்த்த சண்டையின் பெயரைக் கொண்ட கப்பலுக்கு இது நடந்தது வேடிக்கைதான்.

1987-இல் ஒரு மிதவையின் மேல் ஏற்றி ஹார்ட்லிபூலுக்குக் கொண்டுவந்தார்கள். கப்பல் கட்டும் தளங்கள் மூடப்பட்டு வேலையில்லாமல் இருந்த ஊர். அங்கே ‘வாரியர்’ என்ற பழைய இரும்புக் கவசக் கப்பலைச் சீர்செய்து முடித்து அதே ஆண்டில் அனுப்பியிருந்தார்கள். கை சும்மா இருக்கக் கூடாதல்லவா? மரக்கப்பல்களின் காலத்தை முடித்துவைத்த கப்பலுக்கு அடுத்ததாக, அதே கைகளுக்கு ஒரு மரக்கப்பல் வந்தது. 1992-இல் பழைய பெயர் திரும்பியது. 2001-இல் வேலை முடிந்தபோது செலவு ஒரு கோடி பவுண்டைத் தாண்டியிருந்தது. (இந்த ஊரைப் பற்றி ஒரு கதை உண்டு. நெப்போலியன் போர்க் காலத்தில் உடைந்த பிரெஞ்சுக் கப்பலிலிருந்து கரை ஒதுங்கிய குரங்கை, ஒற்றன் என்று நினைத்துத் தூக்கில் போட்டார்களாம். 2002-இல் உள்ளூர்க் கால்பந்து அணியின் குரங்கு வேடக்காரர் தேர்தலில் நின்று மேயராகவே ஆனார். எங்கள் ஊர்ப் பெயர் வந்து சேர்ந்த இடம் இது.)

மாலை நாலு மணிக்குப் படியிறங்கினோம். கப்பல் மெல்ல அசைந்தது. கட்டிய கயிறுகள் முனகின. வாசலில் பார்வையாளர்கள் எழுதும் குறிப்பேடு திறந்து கிடந்தது. மகள் பேனாவை எடுத்து நெடுநேரம் எழுதினாள். கிளம்பும்போது எட்டிப் பார்த்தேன். கப்பல் நன்றாக இருக்கிறது, சமையலறை சின்னது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். அதற்குக் கீழே: முன்னால் இருக்கும் மனிதர் திருகோணமலைக்காரர் இல்லை, நான் அப்பாவிடம் கேட்டுவிட்டேன்.

ஊர்ப் பெயரை மட்டும் தமிழில் எழுதியிருந்தாள். ‘ணா’ என்று ஒரு கால் கூடிப்போயிருந்தது. நான் திருத்தவில்லை.